புல்வெட்டிகள் பூசிக்கொண்ட நிறம்

ஏழுமுக்கு மலையில் கிளப்புக்கென்று இருந்த மூன்று புல்வெட்டி மிஷின்களும், வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து பச்சையாகவே இருந்தவை, ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை காலையில் நீலமாக நின்றன. முப்பது வருஷமாக அவற்றைத் தள்ளித் தள்ளியே தோள் ஒரு பக்கம் சாய்ந்துபோன ஒச்சப்பன் கொட்டகையைத் திறந்து பார்த்தான், உருளைக்கு எண்ணெய் விட்டான், கத்தியில் ஒட்டியிருந்த பழைய புல்லைச் சுரண்டினான், டென்னிஸ் மைதானம் முழுக்க வெட்டி முடித்தான், அதற்கப்புறம்தான் செக்ரட்டரியிடம் போய், "ஐயா, மிஷினு நீலமாயிருச்சு" என்றான்.

செக்ரட்டரி பூவையா வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரம் தானாக விழுந்தது என்று யார் சொன்னாலும் கோடாலி எங்கே என்று கேட்டே பழகியவர். கீழ்நாட்டிலிருந்து பழைய புல்வெட்டி சேர்க்கிற ஆட்கள் இரண்டு மூன்று தடவை வந்து, பச்சையின் சாயலை வைத்தே இது எந்த வருஷத்து மிஷின் என்று சொல்லி, விலைக்குக் கேட்டுப் போயிருந்தார்கள். ஒச்சப்பன் அவர்களுக்கு அசலைத் தள்ளிவிட்டு வேறு எதையோ கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று பூவையாவுக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. நிறத்தின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கப் பெயிண்ட் கடை பாக்கியசீலியை அழைத்துவரச் சொன்னார்.

ஏழுமுக்கில் கேட்ட நிறத்தைக் கலந்து கொடுக்கிறவள் பாக்கியசீலி ஒருத்திதான். ஒரு வீட்டுக்கு நிறம் கலந்தால் கலக்கிய மூங்கில் குச்சியைக் கழுவ மாட்டாள். அப்படியே காயவைத்து, வால்பக்கம் வீட்டுக்காரர் பெயரை எழுதிக் கடைச்சுவரில் தொங்கவிடுவாள். மறு வருஷம் வந்து அதே நிறம் வேண்டும் என்று நின்றால், போன தடவை வேறு மாதிரி இருந்ததே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால், அந்தக் குச்சிதான் சாட்சி. யாருடைய ஞாபகத்தையும் அவள் நம்ப மாட்டாள். யாரையுமே நம்ப மாட்டாள் என்பதுதான் சரி. பிறவியிலேயே அப்படி, பால்காரன் சிரித்தால் தண்ணீர் கூட என்று நினைப்பாள், சிரிக்காவிட்டால் அதைவிடக் கூட என்று நினைப்பாள்.

அவள் வந்து மிஷின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்த்தாள். நாலு தடவை பெயிண்ட் அடித்த இரும்பைத் தேய்த்தால், அறுத்த மரம் மாதிரி வளையம் வளையமாகத் தெரிய வேண்டும். மேலே நீலம், அதற்குள் பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை, கடைசியில் சிவப்பு பிரைமர், அப்புறம் இரும்பு. ஆனால் நீலம் இரும்பு வரைக்கும் நீலமாகவே போயிற்று. பச்சை என்ற ஒன்று அந்த மிஷினில் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்பதுபோல இருந்தது.

"யாரும் அடிக்கலய்யா. அதுவாத்தான் மாறியிருக்கு" என்றாள் சீலி. பூவையா கேட்க நினைத்தது அது அல்ல. "அது கெடக்கட்டும், இந்த நீலம் யாரு வாங்குனது?" என்று கேட்டார். சீலி கடைக்குப் போய்க் குச்சிகளைப் பார்த்துவிட்டு வந்து, கிளப் சமையல்காரர் தாவீது வீட்டுக் கேட்டின் நிறம் என்று சொன்னாள். பெயிண்ட் டப்பா இருக்கிறதா என்று பார்க்கப் போன பூவையா, தாவீது வீட்டு அரிசிப் பானைக்குள் கையை விட்டார். இரண்டு வாரமாகக் காணாமல் போயிருந்த கிளப்பின் வெள்ளிக் கோப்பை கையில் தட்டுப்பட்டது. புளி போட்டு விளக்கத்தான் எடுத்து வந்தேன் என்று தாவீது அழுதார். பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தால் யார் நம்புவார்கள்? வேலை போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை மூன்று மிஷின்களும் ரோஸாக நின்றன. அது கம்பவுண்டர் வீட்டுச் சுவர். இந்த முறை ஊரே போயிற்று. கட்டிலுக்கடியில் கல்யாண மண்டபத்து ஜமக்காளம் நாலு கிடைத்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை வெளிறிய மஞ்சள். மேட்டுத்தெரு தையல்காரர் வீட்டில் ஊராருடைய வெட்டுத் துணியில் தைத்த ஒரு முழுப் படுக்கைவிரிப்பு கிடைத்தது, ஒவ்வொருத்தரும் தங்கள் தங்கள் சட்டைத் துணியை அதில் அடையாளம் கண்டுகொண்டார்கள். இப்படியாக, புல்வெட்டி எந்த வீட்டு நிறம் பூசிக்கொள்கிறதோ அந்த வீட்டில் குற்றம் இருக்கிறது என்பது ஏழுமுக்கில் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது போன்ற சங்கதியாகிவிட்டது. எந்த வீட்டை நோண்டினாலும் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் அடுத்தவர் வீட்டை நோண்டுகிற ருசியில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.

ஊர் என்பது எதையும் பழக்கிக்கொள்ளும். முதலில் சாமான்களை வாரி இறைத்துத் தேடினார்கள். அது அநாகரிகம் என்று பங்குச் சாமியார் சொன்னதும், பேர் வந்த வீட்டுக்காரரே குற்றப் பொருளை எடுத்து வாசலில் வைத்துவிட வேண்டும், வைத்ததும் ஊரார் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுக் கலைந்துவிட வேண்டும் என்று வழக்கமாயிற்று. வழக்கமானதும் ஜனங்கள் உஷாரானார்கள். விருந்தாளிக்கென்று ஒரு பலகாரம் எடுத்து வைக்கிற மாதிரி, வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் குற்றத்தைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்காத நூலகப் புத்தகம், பக்கத்து வீட்டுக் கோழிமுட்டை, சர்ச்சில் எடுத்த மெழுகுவர்த்தி. பெரிய குற்றங்கள் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. வாசலில் மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு நிற்கிறவன் முகத்தைப் பார்த்து, இவன் வேறு எதை உள்ளே வைத்திருக்கிறான் என்று ஊரே யோசித்துக்கொண்டு டீயைக் குடித்தது.

அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, நிறம் இருந்தால்தானே பேர் வரும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தான். அவன் மட்டும் ஏன் அடித்தான், என்ன செய்துவிட்டு அடித்தான் என்று பேச்சு வருமே என்று பக்கத்து வீட்டுக்காரனும் அடித்தான். மழைக்கு முன்னால் ஏழுமுக்கு முழுக்க ஒரே வெள்ளையாகிவிட்டது. குடித்துவிட்டு வருகிறவர்கள் அடுத்த வீட்டில் போய்ப் படுத்தார்கள், அதில் வேறு இரண்டு குடும்பம் பிரிந்தது. ஆனால் புல்வெட்டிகளுக்கு வெள்ளை பற்றிக் கவலையே இல்லை. அவை அடியிலிருந்த பழைய நிறத்துக்கே மாறிக்கொண்டிருந்தன. சீலி வீடு வீடாகப் போய்ச் சுவரில் காசு அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அடி நிறத்தைக் கண்டுபிடித்து, இன்ன வீடு என்று சொன்னாள். எல்லா வீட்டுச் சுவரிலும் அம்மை குத்திய தழும்பு மாதிரி ஒரு வட்டம் விழுந்தது.

மலையில் அவளைப் பார்த்தால் குழந்தைகள் அழுகையை நிறுத்தின. கடைக்கு வருகிறவர்கள், "சீலியக்கா, வார திங்கக்கெழம என்ன கலரு வரும்?" என்று குழைந்தார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் திங்கட்கிழமை கொட்டகைக் கதவு திறக்கும்போது அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு நிறத்தைத்தான், பயந்ததும் அதே நிறத்துக்குத்தான்.

அவள் புருஷன் வேதமுத்து வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுகிறவன். காலையில் போனால் சாயங்காலம் வருவான்; அதற்குள் ஐம்பது வீட்டுப் படியேறி இறங்கியிருப்பான். ஐம்பது வீட்டில் ஒரு வீட்டில்கூடவா உட்காராமல் இருந்திருப்பான் என்பது கல்யாணமான மறு மாதமே சீலிக்கு வந்த கேள்வி. கேட்டதில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான். அவன் முகம் கழுவப் போகும்போது ஆணியில் தொங்கும் சட்டையின் பைக்குள் கையை விடுவாள், கிடைத்ததை எடுத்துக் கால் லிட்டர் பெயிண்ட் டப்பாவில் போட்டு, மூடியில் மாதத்தையும் வருஷத்தையும் எழுதிப் பரணில் வைப்பாள். பஸ் டிக்கெட்டு, கொண்டையூசி, ரவிக்கைக் கொக்கி, மிட்டாய்த்தாள், யாரோ ஒரு பெண்ணின் கையெழுத்தில் பாதிக் கடிதாசு. ஒன்பது வருஷத்தில் நூற்றெட்டு டப்பா ஆகியிருந்தது. எல்லாவற்றையும் ஒருநாள் வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வீடு எது என்று தெரிந்துவிடும் என்பது அவள் கணிப்பு. ரெஜினா டீச்சர் வீடுதான் என்று மனசு சொல்லிற்று. அந்த வீட்டில் மட்டும் மீட்டர் உள்ளறையில் இருந்தது.

எங்கள் வீட்டு நிறம் ஒரு திங்கட்கிழமை வரட்டும், இந்த மனுஷன் செய்வதெல்லாம் வாசலுக்கு வந்துவிடும் என்று ஏங்கினாள். அதே மூச்சில், வந்தால் ஊர் பரணில் ஏறுமே, நூற்றெட்டு டப்பாவையும் இறக்குமே, ஒன்பது வருஷமாகப் புருஷன் பையில் கைவிட்டவள் என்று அவனும் பார்ப்பானே என்று பயந்தாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவளுக்குப் பரணில் இருந்தது.

ஆடி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை அந்த நிறம் வந்தது.

கொட்டகைக் கதவைத் திறந்த ஒச்சப்பன், "இது என்ன கலருன்னே சொல்லத் தெரியலயே" என்றான். நன்றாகப் பழுத்துத் தோல் கறுக்கத் தொடங்கிய வாழைப்பழத்தின் நிறம். கல்யாணமான புதிதில், தன் படுக்கையறை நிறம் ஊரில் வேறு எவர் வீட்டிலும் இருக்கக் கூடாது என்று, மஞ்சளில் ஒரு கரண்டி சிவப்பும் நாலு சொட்டுக் கறுப்பும் விட்டு ஒரே ஒரு தடவை சீலி கலந்தது. அதற்குக் குச்சிகூட மாட்டவில்லை. அந்த அறைக்குள் அவளையும் வேதமுத்துவையும் தவிர யாரும் வந்ததில்லை. கூட்டத்தின் கடைசியில் மீட்டர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேதமுத்து நிற்பதை அவள் பார்த்தாள். அவன் மிஷினைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சீலி, இது யாரு வீட்டுக் கலரு?" என்றார் பூவையா.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரிலுள்ள அத்தனை நிறமும் தெரிந்தவள் ஒரு நிறத்தைத் தெரியாது என்றால், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றதுபோல் ஆகிவிடும். "ரெஜினா டீச்சர் வீடு" என்றாள். "உள்ளறைச் செவுரு. அடியில இருக்கும்."

ஊர் ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. டீச்சர் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்; ஒற்றை மனுஷி, கணக்கு டீச்சர், அதட்டிப் பேசுகிறவள். வாசலில் ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. "எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள். எல்லாரும் அப்படித்தான் முதலில் சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள். "ஏன் டீச்சர், ஒரு புஸ்தகம், ஒரு கரண்டி, எதையாவது வையுங்களேன், டீ குடிச்சிட்டுப் போயிருவோம்" என்று தையல்காரர் கெஞ்சினார். "எடுக்காததை எப்படிய்யா வைக்கிறது? நீங்களே போய்ப் பாருங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டு இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

பார்த்தார்கள். அலமாரி, அரிசிப் பானை, தலையணை உறை, சாமிப் படத்துக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்குள். நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது, அதன் தவணை நாளை மறுநாள்தான் முடிகிறது. கத்தரிக்கோல் ஒன்று இருந்தது, அதற்கு ரசீது இருந்தது. உள்ளறைச் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். வெள்ளைக்கு அடியில் வெள்ளை, அதற்கடியில் வெள்ளை, அப்புறம் சிமெண்டு. ஏழுமுக்கில் முதல்முறையாக ஒரு வீட்டில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கூட்டம் சத்தம் போடாமல் வெளியே வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், எல்லாரும் சேர்ந்து பாக்கியசீலியைப் பார்த்தது.

"அப்ப இது யாரு வீட்டுக் கலரு சீலி?" என்று மறுபடி கேட்டார் பூவையா. கோடாலி எங்கே என்று கேட்கிற குரல். சீலி திரும்பித் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள், ஊர் பின்னாலேயே வந்தது. எப்படியாவது முன்னால் போய்ப் பரணுக்குத் தீ வைத்துவிடலாமா என்றுகூட அந்த நாலு தெருவுக்குள் நினைத்தாள். வீட்டு வாசலில் வேதமுத்து குறுக்குச் சந்து வழியாக அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். அவன் காலடியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன, இன்னும் இறக்கிக்கொண்டிருந்தான்.

நூற்றெட்டும் இறங்கும்வரை ஊர் எண்ணிக்கொண்டே நின்றது.

"இது எல்லாம் என் சட்டைப் பையிலேருந்து அவ எடுத்து வச்சது" என்றான் வேதமுத்து. கம்பவுண்டர் ஒரு டப்பாவைத் திறந்து கொண்டையூசியை வெளியே எடுத்தார். கூட்டத்தில் பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். சீலி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது வரப்போகிறது, ஒன்பது வருஷமாகத் தேடியது இப்போது அவன் வாயாலேயே வரப்போகிறது என்று காது இரண்டும் அடைத்தது.

"ஆனா இதுல ஒண்ணுகூட நெசமில்ல. நான்தான் வச்சேன்."

"என்னத்தய்யா வச்சே?" என்றார் பூவையா.

"கல்யாணமான புதுசுல பையத் தொழாவுறதப் பாத்துட்டேன். ஒண்ணும் கெடைக்காத அன்னிக்கு அவளுக்குச் சோறு எறங்காது. நல்லா ஒளிச்சிட்டு வந்துட்டான்னு நெனச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. ஒருநா எப்பவோ போன பஸ் டிக்கெட்டு பையில கெடந்திச்சி. அத எடுத்துக்கிட்டுப் போனவ ரெண்டு தட்டு சோறு தின்னா. அன்னையிலேருந்து பஸ் ஸ்டாண்டுல கெடக்குறதப் பொறுக்கிப் பொறுக்கி வைக்க ஆரம்பிச்சேன். ஊசி, கொக்கி, மிட்டாய்த்தாளு, தெருவுல எது கெடந்தாலும். அந்தக் கடுதாசி பள்ளிக்கூடத்துக் குப்பையில எடுத்தது."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒம்பது வருசமாவா?" என்றார் பூவையா.

"ஒம்பது வருசமா கட்டுனவள ஏமாத்துனது குத்தந்தானுங்களே. வாசல்ல எடுத்து வச்சிட்டேன். டீ போடச் சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க."

சீலிக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, இரண்டில் எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்கவும் வரவில்லை. "மிஷினு கலரு எங்க வீட்டு உள்ரூம் கலரு" என்றாள். "தெரிஞ்சேதான் டீச்சரச் சொன்னேன். நான் பொய் சொன்னேன்." கூட்டம் பிளந்து வழிவிட, ரெஜினா டீச்சர் மாவுக் கையோடு முன்னால் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். "எங்க வீட்டு மீட்டர் உள்ள இருக்கு, அத வெளிய மாத்திக் குடுங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் டீச்சர். "உன் புருசன் ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு, டீச்சர் நீங்களே பாத்துச் சொல்லுங்கன்னுதான் கேப்பாரு. படியேறுனதில்ல." சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டாள். மற்றவர்கள் குடித்தார்கள். வேலை போன தாவீதும் ஓரமாக நின்று குடித்தார், கிளாஸைக் கீழே வைக்கும்போது சீலியை ஒரு பார்வை பார்த்தார், அவள் அந்தக் கிளாஸை எடுத்துக் கழுவப் போனாள்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வேதமுத்து சொன்னதைப் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் எமகாதகன், ஒரே வாயில் நூற்றெட்டு டப்பாவையும் கழுவிவிட்டான் என்றார்கள். சீலி இரண்டு பக்கமும் இருந்தாள். தெருவில் கொண்டையூசி கிடக்கும், சரி. ஒன்பது வருஷமாகவா கிடக்கும்? வாசலில் நின்று மீட்டர் கேட்டான் என்று டீச்சர் சொல்கிறாள், டீச்சர் ஏன் சொல்ல வேண்டும்? இப்படி நினைக்கும்போதே, பஸ் ஸ்டாண்டில் குனிந்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, டிக்கெட்டைப் பொறுக்குகிற அவன் முதுகும் கண்ணில் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் வேதமுத்து வேலையிலிருந்து வந்தான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான், முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனான். சீலி வேண்டாம் வேண்டாம் என்றுதான் நின்றாள். கை போய்விட்டது. பையில் ஒன்றுமில்லை. உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பார்த்தாள், நூல்கூட இல்லை.

"கெடைச்சுதா சீலி?" என்று கொல்லையிலிருந்து கேட்டான்.

"இல்லீங்க."

"இனிமே இருக்காது" என்றான். துண்டால் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து அவளையும் உட்காரச் சொன்னான். அவனே இரண்டு தட்டிலும் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினான். இனி மறைக்க ஒன்றுமில்லை என்கிறானா, இனிமேல்தான் மறைக்கப் போகிறேன் என்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கவளம் கவளமாகத் தின்றுகொண்டிருந்தான். ஒன்பது வருஷமாக அவன் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டதைத் தின்றுதான் தன் சந்தேகம் வளர்ந்திருக்கிறது, தானும் வளர்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இன்றைக்குத் தட்டில் வெறும் சோறுதான் இருந்தது. அது தொண்டையில் இறங்கவில்லை.